அசைந்தும் அசையாமலும் தின்னும் வண்டி



ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது நம் முன்னோர் வாக்கு. யானையின் தீனி ஊரார் கண்ணுக்கெல்லாம் தெரியும். வீட்டின் தீனி ஆண்டு முடிவிற் கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். இவ்விரு வகையாகவும் தின்னும் பொருளொன்று உண்டெனின், அது பழைய சொகுசு ஜீப் வண்டியே. விற்போர் அதனை எஸ்.யூ.வி. என்பர், நம்மவர் நாவில் அது என்றும் ஜீப்தான். அத்தகைய வண்டியொன்றை இரண்டாங் கையாக வாங்க எண்ணுவோர் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியவை பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

2020 மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வழி திறந்த பின்னரும் வரிகள் மிகுதியாதலின், பலருடைய கண் பழைய வண்டிகள் மீதே செல்கின்றது. அச்சந்தையிலே ஒரு விந்தையைக் காணலாம். டொயோட்டா லான்ட் குறூசர் பிராடோ வயது முதிர்ந்தும் விலை இறங்க மறுக்கின்றது. றேஞ்ச் றோவர், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 போன்ற ஐரோப்பிய வண்டிகளோ விரைவாக விலை இறங்குகின்றன. ‘இவ்வளவு பெரிய வண்டி இவ்வளவு மலிவா!’ என்று நாம் வியக்கின்றோம். அம்மலிவின் காரணத்தை விசாரித்தறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

வண்டியின் விலை இறங்கினாலும் அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செல்வந்தர் ஒருவருக்காகச் செய்யப்பட்ட வண்டி, இன்று ஆசிரியர் ஒருவர் கைக்கு வந்துவிட்டதென்பதற்காகத் தன் செலவைக் குறைத்துக்கொள்ளாது. ஓர் உதாரணம் கூறுகிறேன். இவற்றுட் பலவற்றில் இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த றப்பர்ப் பைகளே வண்டியைத் தாங்குகின்றன. அப்பைகள் வெப்பத்தாலும் வயதாலும் வெடித்துக் கசியும். கசியும் காற்றை ஈடுசெய்யக் கொம்பிரசர் ஓயாது இயங்கித் தானும் எரிந்துபோகும். இவ்வாறு சிறு கசிவொன்று இரண்டு பெருஞ் செலவுகளாகின்றது. காலையில் வண்டி ஒருபுறம் சாய்ந்து நின்றால் இந்நோய் தொடங்கிவிட்டது என்றறிக.

நம்பகம் என்பது உற்பத்தியாளரின் பெயரில் மட்டும் தங்கியிருப்பதன்று. முந்திய உரிமையாளர் ஒயிலைக் காலந் தவறாது மாற்றினாரா, எஞ்சினின் ரைமிங் பெல்ற்றை உரிய தூரத்திற் புதுப்பித்தாரா என்பவை பெரிதும் முக்கியமானவை. பல எஞ்சின்களில் அப்பெல்ற் ஓடும்போது அறுந்தால், வால்வுகளும் பிஸ்ரன்களும் ஒன்றோடொன்று மோதி எஞ்சினே பாழாகும். அடுத்து, பழுதுபார்ப்பவர் எங்கே இருக்கின்றார் என்பதையும் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்த மாதிரி வண்டியை அறிந்த மெக்கானிக் கொழும்பில் மட்டுமே இருப்பாராயின், பழுதடைந்த வண்டியை அங்கே ஏற்றிச் செல்லும் கூலியும் உங்கள் கணக்கிற்கே வரும்.

இனி, எரிபொருட் கணக்கு. ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுவதாகக் கொள்வோம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 1,200 லீற்றர் போதும். 6 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 2,000 லீற்றர் வேண்டும். வேறுபாடு 800 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,40,000 ரூபா. மாதத்துக்கு 20,000 ரூபா. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகளில் இரவுபகலாக நின்றோருக்கு இக்கணக்கின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இது அசைந்து தின்னும் தீனி. காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், பற்றரி, ரயர் ஆகியவை அசையாமல் தின்னும் தீனி. ஓடாது நின்றாலும் ரயர் முதுமையடையும். அதன் பக்கச் சுவரிலே நான்கு இலக்கங்கள் காணப்படும். 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டதாகும். பூக்கள் தேயாதிருப்பதைக் கண்டு ஏமாறாது, அவ்விலக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

வண்டியைப் பார்க்கச் செல்லும்போது, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைவேளையிற் செல்லுங்கள். சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். மீற்றர் குறைந்த தூரத்தைக் காட்ட, மிதிகட்டையின் றப்பர் தேய்ந்திருந்தால் ஐயுறுங்கள். கணினிக் கருவியைப் பொருத்திக் கோளாறுக் குறியீடுகளைப் பார்க்கச் செய்யுங்கள். விற்பவர் அவற்றை முதல்நாளே அழித்திருக்கவுங் கூடும். ஆதலால் நெடுந்தூரம் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை பார்ப்பது நன்று. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியிலுள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். நிதிக் கம்பனி எதற்கேனும் அவ்வண்டி கட்டுப்பட்டுள்ளதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இவற்றையெல்லாம் சோதிக்கும் மெக்கானிக் உங்களால் அழைத்துச் செல்லப்பட்டவராக இருத்தல் வேண்டும். விற்பவரின் நண்பராக இருத்தலாகாது.

சொகுசு வண்டி வாங்குவது குற்றமன்று. குன்றும் குழியுமான பாதையில் முதிய பெற்றோரை நோகாது அழைத்துச் செல்ல உயரமான வண்டி உதவும் என்பதும் உண்மையே. ஆயினும், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்திலொரு பங்கையாவது முதலாண்டின் திருத்த வேலைகளுக்கென ஒதுக்கி வையுங்கள். அவ்வாறு ஒதுக்க இயலாவிடின், அவ்வண்டி நம் வருவாய்க்கு ஏற்றதன்று. காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் வாங்கிய வண்டி கராஜில் நிற்க, பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் கடன் தேடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாகாது.

எனவே, வண்டியின் விலையைக் கேட்ட அதே மூச்சில் அதன் ஓராண்டுத் தீனியையும் எழுதிக் கணக்குப் பாருங்கள். அந்தத் தாளை வீட்டிலுள்ளோர் அனைவரும் படித்த பின்னர் முற்பணத்தைக் கொடுக்கலாம்.