மாங்கூழுக்கு யார் வைத்த அளவு?

ஆனி மாதம் சித்தூர், திருப்பதிப் பக்கம் போனால், கூழ் ஆலை வாசலில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த மாங்காயின் கெட்டிக் கூழில் தண்ணீர் சேர்த்துச் சாறாக்கினால் கரைந்த சர்க்கரையின் அளவு 13.5 பிரிக்ஸாவது இருக்கவேண்டும் என்கிறது 2005-இல் வந்த சர்வதேசத் தரம்.

வகுத்தது யார்? கோடெக்ஸ் ஆணையம், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. ஒரு நாடு முன்மொழியும். வரைவு எல்லா நாடுகளுக்கும் சுற்றுக்குப் போகும். எட்டுப் படி ஏறவேண்டும். ஓட்டெடுப்பு அபூர்வம், பேசிப் பேசியே இணக்கம். வருஷக்கணக்கில் இழுக்கும்தான். ஆனால் கூட்டத்துக்கே போகாத நாட்டின் பழத்துக்கு யார் பரிந்து பேசுவார்?

இந்தியா போகிறது, மசாலாப் பொருள்களுக்கான கோடெக்ஸ் குழுவை நடத்துவதே நாம்தான். முதல் கூட்டம் 2014-இல், கொச்சியில். மிளகுக்கும் சீரகத்துக்கும் 2017-இல் தரம் வந்துவிட்டது.