ஆறேறி வரும் மீன்

வெளிநாட்டில் வாழப் புறப்படுகிறவர்கள் முதலில் மொழியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். உணவைப் பற்றிய கவலை சற்றுப் பிந்தித்தான் வருகிறது. வந்தபின் அது மற்ற இரண்டையும்விடப் பிடிவாதமாக நிற்கிறது. அரிசியும் பருப்பும் இன்று எந்தப் பெருநகரிலும் கிடைக்கும். மீனோ அந்தந்த நீருக்கு உரியது. வஞ்சிரமும் சங்கராவும் உண்டு வளர்ந்தவன் வேறொரு கடற்கரையில் குடியேறினால், அங்குள்ள மீனை அகரம் தொடங்கிப் படிக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரில் நான் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தேன். அங்கே நான் படித்த பாடம் சால்மன். அதைத் தேடி வாங்குவதும் பக்குவமாகச் சமைப்பதும் எப்படி என்று சொல்வதற்கே வந்தேன். ஆயினும் சட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆற்றையும் அணையையும் நீதிமன்றத்தையும் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த மீனின் இயல்பு அப்படிப்பட்டது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். நம் ஊர்ச் சந்தையில் காலா என்று விற்கும் மீனை ஆங்கிலத்தில் ‘இந்தியன் சால்மன்’ என்று குறிப்பிடுவது வழக்கம். காலா நல்ல மீன்தான். ஆனால் சால்மனுக்கும் அதற்கும் உறவு கிடையாது. அயலூருக்கு வந்த வெள்ளைக்காரர் தம் ஊர்ப் பெயரை இங்குள்ள மீனுக்குச் சூட்டிவிட்டுப் போனார் போலும். உண்மையான சால்மனுக்கு ஒத்த வாழ்க்கையுடைய மீன் ஒன்று நம்மிடம் உண்டு. தமிழில் உல்லம் என்றும், வங்காளத்தில் இலிஷ் என்றும் வழங்குவது அது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும்.

சால்மனும் அவ்வாறே. மலையோடையின் கூழாங்கற்களுக்கு நடுவே, தாய்மீன் வாலால் பறித்த குழியில், முட்டை பொரிக்கிறது. குஞ்சு வளர்ந்து ஆற்றுவழியே பசிபிக் பெருங்கடலை அடைகிறது. இனத்துக்கு ஏற்ப ஓராண்டோ ஐந்தாண்டோ அங்கே உண்டு கொழுக்கிறது. பிறகு தான் பிறந்த அதே ஓடையைத் தேடித் திரும்புகிறது. வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1951-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆர்தர் ஹாஸ்லரும் அவருடைய மாணவர் விஸ்பியும் ஒவ்வோர் ஓடைக்கும் தனித்த மணம் உண்டென்றும், மீன்கள் அதைப் பிரித்தறியுமென்றும் சோதனைகளால் காட்டினார்கள். இளமையில் முகர்ந்த நீரின் மணம் முதுமையில் அதை வீட்டுக்கு இழுத்து வருகிறது. நன்னீரில் நுழைந்ததும் அது உண்பதை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பே கட்டுச்சோறு. முட்டையிட்டபின் பசிபிக் சால்மன் இறந்துபோகிறது.

இதைச் சொல்வதற்குச் சமையலறைக் காரணமும் உண்டு. ஆற்றில் எவ்வளவு தூரம் ஏறவேண்டுமோ அவ்வளவுக்குக் கொழுப்பைச் சுமந்துகொண்டு அந்த மீன் ஆற்றுவாயில் வந்து நிற்கிறது. அலாஸ்காவின் காப்பர் ஆறு நீளமானது, குளிர்ந்தது, வேகமானது. ஆகவே மே மாத நடுவில் அதன் முகத்துவாரத்தில் பிடிபடும் மீனுக்குச் சியாட்டிலில் பெருமதிப்பு. விமானத்தில் வந்திறங்கும் முதல் மீன்களின் விலையைக் கேட்டால் மாணவன் மயங்கிவிழுவான். அதே மீனை ஆற்றின் தலைப்பில் பிடித்தால் தோல் கறுத்துச் சிவந்து, தாடை கொக்கிபோல் வளைந்து, தசை சோர்ந்திருக்கும்.

சியாட்டிலின் பைக் பிளேஸ் சந்தை 1907 முதல் நடந்துவருகிறது. அங்குள்ள ஒரு கடையில் மீனைத் தூக்கி எறிந்து பிடிக்கும் வேடிக்கையைக் காண ஊரெல்லாம் கூடும். வேடிக்கை பார்க்க அங்கே போகலாம். வாங்குவதற்கு முன் ஐந்து பெயர்களைத் தெரிந்துகொள்ளவேண்டும். சினூக் மிகப் பெரியது, கொழுப்பு மிக்கது, விலையும் அப்படியே. சாக்கை செக்கச் சிவந்த தசையும் அழுத்தமான சுவையும் உடையது. கோஹோ இடைத்தரம், என் கருத்தில் நம் மசாலாவுக்கு மிகப் பொருத்தமானது. சம் என்பது இலையுதிர் காலத்தின் இறுதியில் வருவது. அதன் சினைக்கே மதிப்பு அதிகம். பிங்க் சிறியது, ஏராளமாகக் கிடைப்பது, பெரும்பாலும் டின்னுக்குப் போவது. சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்டு உள்கடலில் பிங்க் சால்மன் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே திரளாக வருகிறது என்பது கேட்பதற்குக் கதைபோல் இருக்கும். அதன் ஆயுள் சரியாக இரண்டே ஆண்டு என்பதால் அப்படி.

ஐந்திலும் சேராதது அட்லாண்டிக் சால்மன். அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில் ஆண்டு முழுவதும் கிடைப்பது அநேகமாக வலைக்கூண்டுகளில் வளர்த்த மீன்தான். காட்டுமீனின் சிவப்பு, அது உண்ணும் சிற்றிறால் போன்ற உயிர்களிலிருந்து வருவது. கூண்டு மீனுக்கோ அதே நிறப்பொருளைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். கெடுதல் என்று சொல்லவில்லை. விலை மலிவு, கொழுப்பும் நிறைவு. ஆயினும் 2017-ல் பியூஜெட் சவுண்டுப் பகுதியில் ஒரு கூண்டு உடைந்து பெருந்திரளான அயல்மீன்கள் வெளியேறின. அடுத்த ஆண்டே வாஷிங்டன் மாநிலம் அத்தகைய அயல்மீன் வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் இயற்றியது.

புதுமீன் என்றால் கண் தெளிந்து புடைத்திருக்கவேண்டும், செவுள் சிவந்திருக்கவேண்டும், விரலால் அழுத்திய இடம் மீளவேண்டும். இது நம் பாட்டிமார் சொல்லும் இலக்கணமே. ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்கிறேன்: உறைந்த மீனை இகழவேண்டாம். பிடித்த படகிலேயே உறையவைத்த மீன், ஐந்து நாள் பனிக்கட்டிமேல் கிடந்த ‘புதுமீனை’விட மேலானது.

நல்ல சினூக் வேண்டுமென்றால் செப்டம்பரில் கொலம்பியா ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். அங்கே காஸ்கேட் லாக்ஸ் என்னும் சிற்றூரில், பாலத்தை ஒட்டிய இடத்தில், அந்நிலத்தின் பழங்குடி மக்கள் தாங்களே பிடித்த மீனைப் பனிப்பெட்டிகளில் வைத்து விற்கிறார்கள். 1855-ல் அவர்களுடைய முன்னோர் ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டுப் பரந்த நிலங்களை அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் விடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இன்றும் அவர்கள் அங்கே நிற்கிறார்கள். அவ்வாக்கியம் எளிதில் காப்பாற்றப்படவும் இல்லை. சியாட்டிலுக்குத் தெற்கேயுள்ள நிஸ்குவாலி ஆற்றில் மீன் பிடித்ததற்காக பில்லி ஃபிராங்க் என்பவர் 1945-ல், பதினான்கு வயதில், முதன்முறை கைதானார். பிறகு பலமுறை கைதானார். 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், ஒப்பந்தப்படி பழங்குடியினருக்குப் பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை உரிமை உண்டென்று தீர்ப்பளித்தார். 1979-ல் உச்ச நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. பில்லி ஃபிராங்க் 2014-ல் மறையும்வரை ஆறுகளுக்காகவே பேசினார்.

எனக்கு மீன் விற்ற பெண்மணியிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். சால்மன் குறைந்துவருகிறது, பியூஜெட் சவுண்டுச் சினூக் 1999 முதல் அழியும் ஆபத்துக்கு உள்ளானவற்றின் பட்டியலில் இருக்கிறது. இந்நிலையில் என்னைப் போன்ற வழிப்போக்கன் அதை வாங்கி உண்ணலாமா என்பதே என் கேள்வி. அவர் கோபிக்கவில்லை. தம் பாட்டனார் செலைலோ அருவியில் மரப்பரணில் நின்று கைவலையால் மீன் பிடித்தவர் என்றார். அந்த அருவி பல ஆயிரம் ஆண்டு மீன்சந்தை. 1957 மார்ச் 10-ஆம் நாள் கீழே கட்டிய அணையின் மதகுகள் அடைக்கப்பட்டன. சில மணி நேரத்தில் அருவி நீருக்குள் மூழ்கிவிட்டது. “உண்ணுங்கள். ஆனால் எந்த ஆற்று மீன் என்று கேட்டுவிட்டு உண்ணுங்கள். கேட்பவர் இல்லாத ஆறுதான் முதலில் சாகும்” என்றார் அவர்.

அந்த இடத்துக்குச் சில மைல் கீழே 1938-ல் திறந்த பானவில் அணை இருக்கிறது. அதில் மீன்கள் படிப்படியாகத் தாவி ஏறுவதற்கு ‘மீன் ஏணி’ கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவை நீந்திச் செல்வதைக் காணலாம். இன மீன் இத்தனை ஏறியது என்று எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். அதே ஆற்றின் மேற்பகுதியில் 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணைக்கு ஏணி கிடையாது; அதற்கு அப்பால் சால்மனின் வருகை அன்றோடு நின்றது. நம் நாட்டிலும் 1975-ல் ஃபரக்கா அணை இயங்கத் தொடங்கியபின், அலகாபாத்துக்கு அப்பாலும் ஏறிவந்த இலிஷ் மீன் அங்கே அரிதாகிவிட்டது. அணை கட்டியவர்கள் மின்சாரமும் பாசனமும் தந்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 தொடங்கி 2014-க்குள் இடித்தபின், நூறாண்டாகக் காணாத மேலாற்றில் சால்மன் திரும்ப ஏறியது.

இனி அடுப்படிக்கு வருவோம். முதுகெலும்பை ஒட்டி நெடுக வகிர்ந்த பாதியைத்தான் அங்கே பெரும்பாலும் விற்கிறார்கள். தசைக்குள் ஊசிமுட்கள் வரிசையாக நிற்கும். விரலால் தடவி, சிறு இடுக்கியால் சாய்ந்த திசையிலேயே இழுக்கவேண்டும். வறுப்பதற்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு போதும். மசாலாவைத் தசைப்புறத்தில் மட்டும் தடவுங்கள். தோலை நன்றாகத் துடைத்து, இரும்புச் சட்டியில் தோல் கீழே இருக்குமாறு மிதமான தீயில் வையுங்கள். எண்ணெய் ஒரு கரண்டியும் வேண்டியதில்லை. மீனே நெய் விடும். பெரும்பகுதி அந்தப் பக்கத்திலேயே வெந்தபின் ஒரு நிமிடம் திருப்பினால் முடிந்தது. வஞ்சிரத்தைப்போல் மொறுமொறுவென்று வறுக்கவேண்டும் என்று நின்றால், தசையிலிருந்து தயிர்போல வெண்மையாக ஒன்று பிதுங்கும். அது புரதம்; தீ மிகுந்துவிட்டது என்று மீன் சொல்லும் சொல் அது.

குழம்புக்குத் தலைதான் சிறந்தது. பலர் அதை வேண்டாமென்று விட்டுவிடுவதால் ஆசியர்களின் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும். ஒருநாள் அப்படித் தலை வாங்கும்போது பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் நாட்டு மூதாட்டி, புளி இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். எனக்கு வியப்பாயிற்று. அவர்கள் ஊரில் சினிகாங் என்னும் புளிச்சாற்றில் மீன்தலையை வேகவைப்பார்களாம். எண்பதைத் தாண்டிய அவருடைய தந்தையார், 1930-ஐ ஒட்டிப் படிப்பதற்காகச் சியாட்டிலுக்கு வந்தவர். அக்காலத்தில் அத்தகைய பல இளைஞர்கள் கோடையில் அலாஸ்காவின் டின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து பிழைத்தார்கள். அவர்களுடைய வாழ்வை எழுதிய கார்லோஸ் புலோசானும் 1930-ல் அந்நகரில் வந்திறங்கியவரே. தொழிற்சாலை வேண்டாமென்று ஒதுக்கிய தலைகளே தொழிலாளரின் விருந்தாம்.

செவுளை முற்றிலும் எடுத்துவிட்டுத் தலையை இரண்டாகப் பிளந்து, உப்பும் மஞ்சளும் தடவிக் கழுவுங்கள். வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி ஆகியவற்றை வதக்கிப் புளிக்கரைசலும் மிளகாய் மல்லித்தூளும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை குழம்பைத் தனியே கொதிக்கவிடுங்கள். நல்லெண்ணெய் வழக்கமான அளவில் பாதி போதும்; தேங்காய் தேவையே இல்லை. தலையைக் கடைசியில் இட்டுப் பத்து நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றுங்கள். அந்தக் கொழுப்புக்குப் புளியைப்போல் துணை வேறில்லை.

கையில் காசு குறைந்த மாணவருக்கு டின்னில் வரும் பிங்க் சால்மன் இருக்கிறது. நீரை வடித்து, இஞ்சி, பச்சைமிளகாய், வெங்காயம், கறிவேப்பிலையோடு உதிர்த்து வதக்கினால் சுறாப்புட்டுக்கு அண்ணன் தம்பி. டின்னுக்குள்ளேயே வெந்து மெத்தென்றாகிவிட்ட முள்ளையும் சேர்த்து மசிக்கலாம். சுண்ணாம்புச் சத்து வீணாகாது. ஒரு கிண்ணத்தில் வைத்து அந்த மூதாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முள்ளை எறியவில்லையே என்று முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு, டின்னைத் திருப்பி எந்த ஆண்டு மீன் என்று பார்த்தாயா என்றும் கேட்டார்.