மூணாற்றுக் கடைக்கு ஒரு கணக்குப்பிள்ளை



முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த ஊர் மூணாறு. தேயிலைத் தோட்டங்களில் உழைக்க மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறை பல கண்டுவிட்டன. அக்குடும்பங்களின் பிள்ளைகளிற் சிலர் இன்று கடைத்தெருவில் சிறு பரிசுப்பொருட் கடை நடத்துகின்றனர். தேயிலையும் ஏலமும் மிளகும், வீட்டிற் செய்த சாக்லெட்டும், தைலமும், மரப்பொம்மையும் அங்கே விற்பனையாகும். இத்தகைய கடைக்குப் பில் போடும் மென்பொருளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். மும்பையிலோ பெங்களூரிலோ சிறு கடை வைத்திருக்கும் நேயர்களுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

கல்லாவுக்குப் பொறி வந்த வரலாறு சுவையானது. 1879-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், பணியாட்கள் காசில் கைவைப்பதைத் தடுக்கவே முதற் பொறியை ஆக்கினார். ஆகவே இப்பொறி பிறந்தது கூட்டல் கழித்தலுக்காக அன்று, ஐயத்தினால். அதே ஓஹையோ மாநிலத்தில், டிராய் என்னும் ஊரில், 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் கோடுகளைக் கடைப் பொறி முதன்முறை வாசித்தது. நம் நாட்டில் பதிவுபெற்ற நிறுவனங்களின் பொட்டலங்களில் அக்கோட்டின் கீழுள்ள எண் 890 என்று தொடங்குவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

மூணாற்றுக் கடையிலோ பாதிச் சரக்குக்கு அந்தக் கோடே கிடையாது. ஏலம் மூட்டையாக வருகிறது. ஐம்பது கிராமும் நூறு கிராமுமாகப் பொட்டலம் ஆகிறது. மூட்டையிலிருந்து பத்துக் கிலோவைக் கழித்து, அதை இத்தனை பொட்டலமாக வரவு வைத்து, அவற்றுக்குத் தானே கோட்டுச்சீட்டு அச்சிட்டுத் தரும் மென்பொருள்தான் இக்கடைக்கு உதவும். மளிகைக்கடைக்கென ஆக்கப்பட்டவற்றில் இவ்வசதி பெரும்பாலும் உண்டு. துணிக்கடைக்கும் உணவு விடுதிக்கும் ஆக்கப்பட்டவற்றில் இருக்கும் என்று நம்பிவிடலாகாது. சாக்லெட்டுக்கு மற்றொன்றும் வேண்டும்: செய்த நாளும் கெடும் நாளும் தொகுதிவாரியாகப் பதிய இடம் இருத்தல். பழைய தொகுதி அலமாரியின் பின்புறம் ஒளிந்துகொள்வது கடைக்காரர் அனைவரும் அறிந்த செய்தி.

இனி வரி. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடை, கேரளத்துக்குள் மட்டும் பொருள் விற்பதாயின், பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை; அத்தகைய கடை பில்லில் வரி என்று எழுதி வாங்கவும் கூடாது. ஒன்றரைக் கோடி வரையுள்ள வணிகர் தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்து விற்பனையில் நூற்றுக்கு ஒன்று தம் கையிலிருந்து கட்டலாம். ஆனால் அவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பி விற்க இயலாது. கோயம்புத்தூர்ப் பயணி கடைக்கு வந்து வாங்கிச் சென்றால் தடையில்லை. அவரே ஊர் திரும்பித் தொலைபேசியில் அழைத்து, "இரண்டு கிலோ தேயிலை கூரியரில் அனுப்புங்கள்" என்றால் நிலைமை வேறு. கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் நீங்கலாக, வெளிமாநிலத்துக்கு அனுப்பி விற்பவர் வரம்பு பாராமல் முறையான பதிவு பெற்றாக வேண்டும். எனவே, "நாம் எவ்வகை வணிகர்?" என்று ஒரு கணக்காளரிடம் தெளிந்த பிறகே மென்பொருள் விற்பவரை உள்ளே அழைப்பது முறை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

வரிவீதமும் நிலையாய் நிற்பதன்று. 2025 செப்டம்பர் 22 அன்று சாக்லெட்டின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. தேயிலைக்கு முன்னும் 5, பின்னும் 5. ஒவ்வொரு பொருளாகத் திறந்து வீதத்தைத் திருத்த வேண்டிய மென்பொருளாயின் அன்றிரவு கடைக்காரருக்கு உறக்கமில்லை. குறித்த நாள் முதல் புதிய வீதம் என்று முன்கூட்டியே பதிய வழியுண்டா, அந்நாளுக்கு முன் விற்ற பொருள் திரும்பி வந்தால் பழைய வீதத்திலேயே கழிக்குமா என்று கேட்டுப் பார்த்து வாங்குவது நன்று.

மலைநாட்டில் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வினா ஒன்று உண்டு. மின்சாரமும் இணையமும் நின்றால் கடை நிற்குமா? 2018 ஆகஸ்டு பெருமழையில் மூணாறு வெளியுலகத் தொடர்பற்றுத் தனித்து நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்துணைப் பெருந்துன்பம் வேண்டாம். மழைக்காலத்தில் ஓர் மரம் கம்பிமேல் சாய்ந்தாலே போதும். டாலி போன்றவை கடைக் கணினியிலேயே கணக்கை வைத்துக்கொள்ளும். ஓடூ போன்றவற்றின் விற்பனைத் திரை, முன்னரே திறந்திருந்தால், இணையம் அறுந்தாலும் பில் போட்டுக்கொண்டே இருந்து பின்னர்க் கணக்கைச் சேர்ப்பிக்கும். சென்னையைச் சேர்ந்த கோஃப்ரூகல், ஸோஹோ முதலிய நிறுவனங்களும் கடைகளுக்கெனத் தருகின்றன. எதுவாயினும், விளம்பரத் தாளை நம்பாமல், செய்துகாட்ட வந்தவர் முன்னிலையிலேயே இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு மூன்று பில் போட்டுப் பாருங்கள். யூ.பி.ஐ. பணத்துக்கு மட்டும் பொதுவாக இணையம் வேண்டும். அதற்கும், தொகையோடு கூடிய கட்டக்குறியைத் திரையில் காட்டும் மென்பொருள் நல்லது. நெரிசலில் ஐந்நூற்றை ஐம்பது என்று அழுத்தும் பிழை நேராது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கடையில் நிற்கும் பிள்ளை தமிழில் எண்ணுகிறான். வாங்க வருபவர் மலையாளமோ இந்தியோ பேசுகிறார். திரையில் தமிழ் தெரிந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பத்தால் அச்சிடும் சிறு பில் அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. எழுத்தைப் படமாக்கி அனுப்பினாலன்றித் தமிழ் வரிகள் கேள்விக்குறிகளாக வந்து விழும். அந்தத் தாளில் மை இல்லாததால் அச்சும் நாளடைவில் வெளிறிப்போகும். வரிச்சட்டமோ கணக்கை ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் காக்கச் சொல்கிறது. ஆகவே தாளை நம்பாமல் கணக்கின் நகலை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, ஒருமுறை கொடுத்து வாங்குவதும் உண்டு, மாத வாடகையும் உண்டு. மாத வாடகை இலேசாகத் தோன்றும். ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பயணிகள் அருகிவிடும் ஊரில், திறவாத கல்லாவுக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கும். வாடகை நின்றால் நம் பழைய கணக்கை நாமே பார்க்க முடியுமா? பொருட்பட்டியல், விற்பனை, வாடிக்கையாளர் பற்று ஆகிய அனைத்தையும் எக்ஸெல் கோப்பாக எடுத்துத் தருவார்களா? இதை முன்பணம் கொடுக்கும் முன்னரே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம் என்பது நம் கருத்து. தந்தையார் காலத்துப் பேரேடு பெட்டியில் நம்மோடு இருந்தது. பிறர் பூட்டிய பெட்டியில் அது கிடந்ததில்லை.

முப்பது நாற்பது பொருள் மட்டுமே விற்று, வரி வரம்புக்கு வெகு கீழே நிற்கும் கடைக்கு இவை ஒன்றும் வேண்டா என்பதையும் சொல்லிவிடுவோம். நல்ல ரசீதுப் புத்தகமும் ஒழுங்காக எழுதும் கையும் அதற்குப் போதும்.

வாங்குவதாக முடிவு செய்தோர், வரியாண்டு பிறக்கிறது என்று ஏப்ரல் முதல் நாளில் தொடங்க வேண்டாம். பள்ளி விடுமுறைக் கூட்டம் மலையேறும் வேளை அது. ஜூனில் மழை இறங்கியதும் கதவைப் பாதி சாத்தி, சரக்கை எண்ணிப் பதிந்து, ஒரு மாதம் நோட்டிலும் பொறியிலுமாக இரண்டிடத்தும் எழுதி வாருங்கள். மாலைதோறும் இரண்டு தொகையும் ஒத்துவந்தால், ஓணக் கூட்டம் வருமுன் நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.