சாரதியின் சொல்லும் முதலாளியின் கட்டளையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆயுத பூசையன்று எங்கள் ஊர் லொறிகள் சந்தனமும் குங்குமமும் பூண்டு, வாழைக்கன்று கட்டி, வரிசையாக நிற்கும் காட்சி நம் அனைவருக்கும் தெரிந்ததே. அன்று லொறிக்குப் பூசை செய்கிறோம். மறுநாள் அதை ஓட்டிச் செல்பவரை நினைக்கிறோமா? இன்றைய பேச்சு அவரைப் பற்றியது. அவர் கையிலுள்ள தொலைபேசியைப் பற்றியது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் அவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது, அதை யார் தீர்மானிப்பது என்பதைப் பற்றியது.

இராகலையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் பாதையின் வளைவுகளை இச்சபையோருக்கு விளக்க வேண்டியதில்லை. மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் இரவோடிரவாகப் போகும் சாரதிக்குப் பிரேக் ஒன்றே உயிர்த்துணை. எங்கள் அயலிலே அப்படி லொறி ஓட்டிய தம்பி ஒருவர், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று முதலாளியிடம் மூன்று தடவை சொன்னார். "இந்த லோட் போய் வரட்டும், பார்ப்போம்" என்பதே ஒவ்வொரு தடவையும் பதில். நான்காம் தடவை அவர் முதலாளியிடம் போகவில்லை. பிரேக்கின் நிலைமையைப் படமெடுத்து முகநூலில் போட்டார். அத்தோடு நின்றிருந்தால் நன்று. முதலாளியைப் பற்றி, சபையில் சொல்லத் தகாத ஒரு வார்த்தையையும் சேர்த்துப் போட்டார். மறுநாட் காலை லொறிச் சாவி அவர் கையிலிருந்து வாங்கப்பட்டது. கடிதம் இல்லை, விசாரணை இல்லை. எட்டு மாதங்கள் கழிந்த பின்பே அவர் எங்களிடம் வந்தார்.

இச்செய்தி பரவியபோது எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் எழுந்தன. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?" என்றனர் பெரியோர். "உயிர் போகும் விஷயத்தில் வாய் மூடி இருப்பதா?" என்றனர் வாலிபர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு கட்சியாரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்தனர். "இன்னது எழுதினால் வேலை போகும்" என்று அந்தத் தம்பிக்கு யாராவது, எப்பொழுதாவது சொன்னார்களா?

வாய் திறந்ததற்காக வேலை போவது மலைநாட்டிற்குப் புதிதன்று. தேயிலைத் தொழில் பயில 1936 ஆம் ஆண்டு ஆவுஸ்திரேலியாவிலிருந்து இங்கு வந்தார் பிரேஸ்கர்டில் என்னும் வெள்ளைக்கார வாலிபர். மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் அமர்ந்தவர், தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையை இழந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அக்கட்டளை செல்லாது என்று அதே ஆண்டு மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அன்று பேச்சுக்கு மேடை வேண்டியிருந்தது. இன்று சட்டைப்பையிலுள்ள தொலைபேசியே மேடை.

அவர் வந்த ஆவுஸ்திரேலியாவிலேயே எமது தம்பியின் வழக்கைப் போன்ற ஒன்று பின்னாளில் நடந்தது. லின்பொக்ஸ் என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனத்தில் 22 ஆண்டுகள் லொறி ஓட்டிய ஒருவர், தம் மேலாளர் இருவரை இழித்து முகநூலில் எழுதப்பட்டவற்றுக்காக 2011 இல் நீக்கப்பட்டார். அப்பக்கத்தை நண்பர் மட்டுமே பார்ப்பர் என்று அவர் எண்ணியிருந்தார். அந்த நண்பர்களோ ஏறத்தாழ 170 பேர். அவர்களுள் உடன் வேலை செய்தோரும் பலர். அந்நாட்டுத் தொழில் மன்று அவரை மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி கட்டளையிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2012 இலும் 2013 இலும் தோற்றது.

எழுதியது நல்லதென்று மன்று சொல்லவில்லை. அருவருப்பானது என்றே கண்டது. ஆனால் சமூக ஊடகம் பற்றி அந்நிறுவனத்திடம் எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை என்பது முதலாளிக்கு எதிராக நின்றது. அதே வேளையில், "முகநூல் எப்படி வேலை செய்கிறதென்று தெரியாது" என்னும் சாட்டு இனிவரும் காலத்தில் எடுபடாமற் போகலாம் என்றும் எச்சரித்தது. பின்னர் நிறுவனம் விதியை எழுதிற்று. அதை ஏற்றுக் கையெழுத்திட மறுத்த வேறொரு தொழிலாளி, அதனாலும் பிற குற்றங்களாலும் நீக்கப்பட்டபோது, 2014 இல் மன்று முதலாளி பக்கமே தீர்த்தது. எழுதாத விதியால் முதலாளி தோற்றார். எழுதிய விதியை மதியாமையால் தொழிலாளி தோற்றார்.

எங்கள் நாட்டிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. அரச ஊழியர் சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை உண்டென்று, தாபன விதிக்கோவையைக் காட்டி, 2022 செப்டெம்பரில் பொது நிருவாக அமைச்சு அறிவித்தது. அது நியாயமா என்று பலரும் கேட்டனர். ஆயினும் அது எழுத்தில் இருந்தது. படிக்கலாம், எதிர்த்து வாதாடலாம். தனியார் லொறிச் சாரதிக்கோ அதுவும் இல்லை. முதலாளியின் அன்றைய கோபமே விதி.

விதி எழுதிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவில் 1935 ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் தம் கூலியையும் வேலை நிலைமையையும் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதைப் பாதுகாக்கிறது. முகநூலில் பேசினாலும் அப்பாதுகாப்பு உண்டென்றும், எதையும் பேசாதே என்று வாயை முற்றாகக் கட்டும் விதி செல்லாதென்றும் அங்குள்ள அதிகாரிகள் 2012 இல் விளக்கினர். வாடிக்கையாளரின் இரகசியத்தையும் பிறர் மானத்தையும் காக்கும் விதி நேர்மையானது. பழுதான பிரேக்கை மறைக்கும் விதி நேர்மையானதன்று.

திருவள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் புறங்கூறாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். எமது தம்பி ஒரே பதிவில் இரண்டையும் கலந்துவிட்டார். பிரேக் பழுது என்றது வாய்மை, வசைச்சொல் புறங்கூறல். முதலாளி இரண்டாவதைக் காட்டி முதலாவதைத் தண்டித்தார். அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் ஊரே தம்பி பக்கம் நின்றிருக்கும்.

வாலிப நண்பர்களே! வண்டி ஓடும்போது தொலைபேசியைக் கையில் எடுக்காதீர்கள்; எந்தச் செய்தியும் ஓர் உயிரிலும் பெரிதன்று. பழுதைக் கண்டால் முதலில் முதலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள்; திகதியிட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அழிக்காதீர்கள். மூன்று தடவை வாயாற் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஒரு தடவை எழுதியதற்குச் சாட்சி உண்டு. நண்பருக்கு மட்டும் என்று போட்டது நாளை ஊருக்கெல்லாம் போகும் என்பதையும் மறவாதீர்கள்.

முன்வரிசையில் வீற்றிருக்கும் லொறி முதலாளிமாரே! திருவிழாவுக்கு லொறி தந்து உதவும் உங்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அந்த உரிமையோடு கேட்கிறோம். உங்கள் விதியை ஒரு தாளில், தமிழில் எழுதிக் கொடுங்கள். பழுதை யாரிடம் சொல்வது, எத்தனை நாளிற் பதில் வரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முறைப்பாட்டைக் கேட்கும் காது கராஜில் இருந்தால், அது முகநூலுக்குப் போகாது. 2025 நவம்பரில் டிட்வாப் புயல் மலையைச் சரித்தபோது எந்தப் பாதை உடைந்தது என்று அறியத் தொலைபேசிச் செய்திக்காகத் தவித்தோம் அல்லவா? அபாயத்தை அறிவிக்கும் குரல் லொறியைப் பற்றியதானாலும் பயனுள்ளதே.

வேலை போனால் என்ன செய்வது? 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமாக நீக்கினால் இரண்டாம் வேலை நாள் முடியுமுன் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சிறிய இடமானாலும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும். எமது தம்பி எட்டாம் மாதத்தில் வந்தார். அந்த இரண்டு மாதத் தாமதம் அவர் குற்றம் மட்டுமன்று. இதை எடுத்துச் சொல்லாதிருந்த எங்கள் குற்றமுமாகும்.

ஆகவே, மாதந்தோறும் ஒரு மாலைப் பொழுதில் சாரதிகளின் நியமனக் கடிதங்களை வாசித்து விளக்கவும், முறைப்பாடு எழுதிக் கொடுக்கவும் மன்றம் முன்வர வேண்டும் என்று இச்சபையில் விண்ணப்பிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர் இருவர் முன்வந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம். அடுத்த ஆயுத பூசையில் லொறிக்குச் சந்தனமிடும்போது, அதன் பிரேக்கும் சரி, அதன் சாரதியின் வேலையும் பத்திரம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் நிலை வர இறைவன் அருள்க.