பரீட்சைக்கு ஒரு மாத்திரை
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சமூகத்துப் பிள்ளைகளிற் சிலர் கல்வியின் பொருட்டு அமெரிக்கா சென்றிருப்பதை நாமனைவரும் பெருமையுடன் சொல்லிக்கொள்ளுகிறோம். ஆங்குள்ள கலாசாலை விடுதிகளில் பரீட்சைக் காலத்திற் கைமாறும் மாத்திரையைப் பற்றியோ நாம் வாய் திறப்பதில்லை.

வழக்கம் புதியதன்று. ஆம்பெட்டமின் என்னும் பொருள் 1887-ல் ஜெர்மனியில் ஆக்கப்பெற்றது. 1930-களில் அது பென்ஸெட்ரின் என்ற பெயருடன் வழங்கியபோது, மினஸோட்டா சர்வகலாசாலையில் மனோதத்துவ ஆராய்ச்சிக்காக அதனை உட்கொண்ட மாணவர் உறக்கம் நீங்கக் கண்டு, பரீட்சைக்கும் அதைத் தேடலாயினர். அதே காலத்தில், 1937-ல், சார்லஸ் பிராட்லி என்னும் வைத்தியர் அடங்காத குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து நற்பயன் கண்டார். இன்று அடரால், ரிட்டலின் என வழங்குவன இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மனம் ஒன்றில் நில்லாத நோயுடையார்க்கு வைத்தியர் ஆராய்ந்து கொடுக்குங்கால் இவை பேருதவி புரிகின்றன. அத்தகையாரை நாம் குறை கூறவில்லை. அவர்களை ஏளனஞ் செய்வாரையே குறை கூறுவோம்.

நோயில்லாதவன் நண்பனிடம் வாங்கி விழுங்குவதே நம் கவலை. பசி அடங்கும், உறக்கம் போகும், நாடி விரையும், இரத்த அழுத்தம் ஏறும். நாளடைவில் அஃதின்றிப் புத்தகத்தைத் திறக்கவியலாத நிலையும் வரக்கூடும். அறிவாவது வளருமோவெனின், 2023-ல் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனையில், மருந்துண்ட ஆரோக்கியமான வாலிபர் அதிகம் முயன்றனர். முயற்சியின் தரமோ குறைந்தது. அதிகம் உழைத்தோம் என்ற திருப்தி மட்டும் மிஞ்சினால் அதனாற் பயனென்ன?

சட்டமும் உண்டு. அந்நாட்டில் இம்மாத்திரையை நண்பனுக்கு இனாமாகக் கொடுப்பதும் குற்றமே. அந்நிய தேசத்து மாணவனுக்கோ படிப்போடு அங்கு வசிக்கும் உரிமையும் போய்விடக்கூடும். ட்யூக் சர்வகலாசாலை 2011-ல் இதனைக் காப்பியடித்தலோடொத்த குற்றமாகவே விதித்தது.

பிள்ளைகளை இதிற் செலுத்துவது எது? வீட்டை அடகு வைத்து அனுப்பிய தந்தையின் முகம் அவன் கண்முன் நிற்கிறது. மார்க்கு குறைந்ததென்று எழுத அஞ்சுகிறான். (எத்தனை மணி உறங்கினாய் என்று வினவும் பெற்றோர் நம்மில் எத்தனை பேரோ!) நம் சங்கத்து உபகாரச் சம்பளமும் ஒரு பருவம் தவறினால் நின்றுபோகும் விதியுடையது. தவறியவனுக்கு இன்னுமொரு பருவம் அவகாசம் அளிக்கவேண்டுமென்று வருகிற காரியக் கமிட்டியிற் பிரேரிக்கவிருக்கிறோம். அங்கத்தினர்கள் ஆதரிக்கக் கோருகிறோம்.