வலிக்கு எத்தனை பெயர்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே பி.யூ.சி. முடித்து, பிறகு மருத்துவம் படித்து, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் முப்பது ஆண்டுகள் டாக்டராக இருந்துவிட்டு வந்தவன் நான். மெக்சிகோ எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். வருகிற நோயாளிகளில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். "மருத்துவம் வேண்டாம் சார், சுவையா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் ஆங்கிலத்தில் சொல்லும் வலி ஸ்பானிஷுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்று சொல்லலாமென்று இருக்கிறேன். நடுவில் கொஞ்சம் மருத்துவம் கலந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் பெயின், ஏக், ஹர்ட், ஸோர் என்று நாலைந்து சொல் உண்டு. ஸ்பானிஷில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: டோலோர். தலைவலியும் டோலோர், பல்வலியும் டோலோர், தொண்டை வலியும் டோலோர். அது மட்டுமா, துக்கமும் டோலோர்தான். நாம் வியாகுல மாதா என்கிறோமே, அவள் பெயரிலிருந்து வந்ததுதான் டோலோரெஸ் என்று பெண்களுக்கு வைக்கும் பெயர்.

இலக்கணம் இன்னும் வேடிக்கை. வெள்ளைக்காரர் 'ஐ ஹாவ் எ ஹெட் ஏக்' என்பார். தலைவலி ஏதோ அவர் வாங்கி வைத்த சொத்து மாதிரி! ஸ்பானிஷ்காரர் 'மே துவேலே லா கபேசா' என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு வலிக்குது தலை'. 'என் தலை' கிடையாது, வெறும் தலை. நம்ம வீட்டில் பேசுவதும் அதே தானே? அமெரிக்க டாக்டர்கள் திணறிய இந்த இடத்தில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

வலி இருக்கிறதா என்று கேட்பது சுலபம். எப்படிப்பட்ட வலி என்பதில்தான் நோயே இருக்கிறது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் அறிஞர் 1975-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதில் வலியை வர்ணிக்கும் ஆங்கிலச் சொற்கள் 78, அவை 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டிருந்தன. முதல் தொகுதியில் மட்டும், லேசாகத் துடிப்பதில் தொடங்கி மண்டையில் இடிப்பது வரை படிப்படியாக ஆறு சொற்கள். இதை ஸ்பானிஷில் எழுது என்றால் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம். ஆறு படிக்கு ஆறு சொல் அகராதியில் கிடைக்கலாம். வயலில் தக்காளி பறிக்கும் மனிதர் அவற்றைச் சொல்ல மாட்டார். 'லாதே', அதாவது துடிக்குது, என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்தச் சொல்லிலும் ஒரு வம்பு. மெக்சிகோவில் 'மே லாதே' என்றால் 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்றும் பொருள்! ஸ்பானிஷில் அந்தக் கேள்வித்தாளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் வந்ததில் ஆச்சரியமில்லை. நம்மிடமும் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், 'விண் விண்', 'சுருக்' என்று எத்தனை! இவற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், தெரியும் சேதி.

ஆங்கிலத்தில் மந்தமான வலிக்கு 'டல் பெயின்' என்று பெயர். முனை மழுங்கிய கத்தியின் ஞாபகம். ஸ்பானிஷில் அது 'டோலோர் சோர்தோ', செவிட்டு வலி. எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். எத்தனை மாத்திரை போட்டாலும் காதில் வாங்காத வலிக்கு இதைவிட நல்ல பெயர் வேறென்ன? (இந்த விளக்கம் என்னுடையது, மொழியியல் பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) கால் மரத்துப்போய் உணர்வு திரும்பும்போது ஆங்கிலேயருக்குக் குண்டூசி குத்துகிறது. ஸ்பானிஷ்காரருக்கு 'ஒர்மிகேயோ'. ஒர்மிகா என்றால் எறும்பு. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு டாக்டர்" என்று நம் பாட்டிமார் சொல்வது அப்படியே! சாப்பிட்டபின் வரும் எரிச்சலை ஆங்கிலம் இதயத்தில் வைக்கிறது, தமிழ் நெஞ்சில் வைக்கிறது, ஸ்பெயின்காரர் வயிற்றில் வைக்கிறார். மெக்சிகோக்காரரோ இடமே சொல்லாமல் 'அக்ரூராஸ்', புளிப்பு, என்று முடித்துவிடுகிறார்.

ஸ்பானிஷ் என்றால் ஒரே ஸ்பானிஷ் என்றும் நினைக்காதீர்கள். உடற்பயிற்சி செய்த மறுநாள் தசையெல்லாம் வலிக்குமே, அதற்கு ஸ்பெயினில் 'அகுஹேதாஸ்'. மெக்சிகோவில் அந்தச் சொல்லுக்கு ஷூ லேஸ் என்று பொருள். மாட்ரிடில் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தை எல்லையோரத்தில் கொடுத்தால் என்ன ஆகும் பாருங்கள்.

இதுவரை சிரித்தோம். இனி கொஞ்சம் சிரிக்க முடியாதது. 1980-இல் ஃப்ளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவனை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். அவன் 'இந்தொக்சிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் எண்ணம். மருத்துவர்கள் காதில் அது போதை என்று விழுந்தது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை. போதை மருந்துக்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளைக்குள் ரத்தக் கசிவு. பையனுக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன. ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டு ஏறக்குறைய 7 கோடியே 10 லட்சம் டாலர் ஈட்டுத்தொகை என்று வழக்கு முடிந்தது. பணம் வந்து என்ன, கால் வருமா?

ஊசி போடுமுன் 'கொஞ்சம் டிஸ்கம்ஃபர்ட் இருக்கும்' என்று ஆங்கில டாக்டர் சொல்வார். எனக்கு அந்தச் சொல் மேல் நம்பிக்கையே கிடையாது. வலிக்கும் என்று சொல்ல மனசில்லாதவர் சொல்வது அது. ஸ்பானிஷில் அதை 'மலெஸ்தார்' என்றால் உடம்பே சரியில்லை என்று ஆகிவிடும். 'மொலெஸ்தியா' என்றால் தொந்தரவு. பக்கத்துக் கட்டில்காரர் 'மே மொலெஸ்தா' என்று ஒரு பாட்டி சொன்னால், குறட்டை விடுகிறார் என்பது போல ஏதாவது இருக்கும். ஆங்கிலக் காதுக்கோ அது போலீஸைக் கூப்பிட வேண்டிய சமாசாரம்!

'பெனா' என்றொரு சொல். ஆங்கிலப் பெயினுக்குக் கூடப்பிறந்தது. இரண்டும் லத்தீனில் தண்டனை என்ற சொல்லிலிருந்து வந்தவை. ஸ்பெயினில் அதற்கு மனவருத்தம் என்று பொருள். மெக்சிகோவில் 'மே தா பெனா' என்றால் கூச்சமாக இருக்கிறது என்று பொருள். ஓர் அம்மாள், கூட வந்த பத்து வயதுப் பேரன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, அடிவயிற்றில் வலி என்று மட்டும் சொன்னார். மேலே கேட்டால் 'மே தா பெனா' என்றார். பையன் "பாட்டிக்கு வலிக்குதாம்" என்றான். நான் பையனை வெளியே உட்காரவைத்து, மொழிபெயர்ப்பாளர் அம்மாவை வரவழைத்தேன். மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து ரத்தப்போக்கு என்ற விஷயம் அப்புறம்தான் வெளிவந்தது. பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி இதைச் சொல்வாள்? அவசர நிலை தவிர சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-இல் அங்கே அரசு விதியே வந்தது.

அந்த மொழிபெயர்ப்பாளர்கள் 'இவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது என்பது அவர்கள் தொழில் முறை. நோயாளி சொன்னபடியே 'எனக்கு வலிக்குது' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவுக்கு உடம்பில் ஒரு நோய் கிடையாது. ஆனால் தினமும் பத்து இருபது தடவை அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். போகும்போது பையில் எப்போதும் ஒரு தலைவலி மாத்திரை இருக்கும்.

காபி ஆறுகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.