மழைக்காலத்து மன்னார்க் கரை

ஓகஸ்ட் மாத மடுத் திருவிழா முடிய, மன்னார்ப் பக்கம் வரும் வாகனங்கள் குறைந்துவிடும். ஐப்பசியில் மாரி இறங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆனால் சிப்பியும் சங்கும் பதிந்த பழங்கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம் என்பேன்.

மதவாச்சியிலிருந்து வரும் வீதியில் முருங்கன் வரை வந்து, தெற்கே சிலாவத்துறைக்குத் திரும்புங்கள். முருங்கன் மண் கறுப்புக் களி. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் ரயிலேறிப் போன களி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பட்டால் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அங்கே வயலோரம் கூடாரம் அடித்தால், விடிய வாகனத்தைத் தள்ள ஊரையே கூப்பிட வேண்டிவரும். இன்னும் கொஞ்சம் போய் அரிப்பு என்ற ஊரின் மணலில் அடியுங்கள்; தண்ணீர் நில்லாது. தறப்பாளின் வாயை வாடைக்காற்றுப் பக்கம் வைக்காமல் இருந்தால் போதும்.

அருவியாறு கடலில் விழுவது இந்த அரிப்புக்குப் பக்கத்தில்தான். கண்டி அரசனின் பிடியில் 19 ஆண்டுகள் கிடந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் ஒரு தோழரோடு இந்த ஆற்றைப் பிடித்தே காடு கடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கூடாரமும் இல்லை, தறப்பாளும் இல்லை.

அரிப்பின் கடலோர மேட்டில் பிரித்தானியத் தேசாதிபதி நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டியது. இப்போது பாதி கடலுக்குள். அலையும் மழையும் கரையைக் கரைக்கின்றன. கட்டடத்துக்கு அது கேடு, கல்லைத் தேடுகிறவருக்கோ புதுப் பக்கம் திறந்த மாதிரி.

தெற்கே குதிரைமலையில் இப்படிக் கல் வெளிப்படுவது இன்னும் தெளிவு. மேலே செம்மண், கீழே சுண்ணக்கல். வெயிலில் எல்லாம் ஒரே வெளிறல்தான். மழையில் நனைந்ததும் சிப்பியின் வரிகளும் சங்கின் சுருளும் கல்லிலிருந்து எழுந்து தெரியும். இவை மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தவை; வயது கோடி ஆண்டுகளைத் தாண்டும். வேலண்ட், டேவிஸ் என்ற இரு புவியியலாளர்கள் 1923இலேயே இலங்கையின் இந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இந்தக் கல்லில் சில மில்லிமீற்றர் அளவான ஓர் ஒற்றைக்கல உயிரியின் ஓடு உண்டு. கேரளத்துக் கொல்லம் பாறைகளிலும் அதே உயிரி கிடைக்கிறது. அன்று இரண்டு கரைக்கும் ஒரே ஆழமற்ற வெதுவெதுப்பான கடல்.

குகை கேட்பீர்கள். மன்னாரில் பெயர் சொல்லும்படி பெரிய குகை இல்லை. இதே சுண்ணக்கல் யாழ்ப்பாணம் வரை போகிறது. அங்கே மழைநீர் அதை உள்ளே கரைத்து, கூரை இடிந்து உண்டானதுதான் நிலாவரைக் கிணறு. மன்னாருக்கு வந்தவர்கள் அதற்குப் பதில் வங்காலைக்குப் போகலாம். 2010 முதல் அது ராம்சார் ஈரநிலம். மாரியில் பூநாரைகள் வரும்.

குதிரைமலை வில்பத்து தேசிய பூங்காவுக்குள் இருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே இரவு தங்க முடியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள். சுத்தியல் வேண்டாம், ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அளவும் தெரியும், கல்லும் அங்கேயே இருக்கும்.